ஆறு கோழிக்கு என்று அட்டையில் இருக்கும், மூன்றுக்குத்தான் தேறும்: பெட்டியில் வரும் மரக்கூண்டு பற்றி

இணையக் கடைகளில் கிட்டத்தட்ட ஒரே படத்தோடு பத்துப் பதினைந்து பெயர்களில் விற்பனையாகும் மரக் கோழிக்கூண்டு இது. சாம்பலோ சிவப்போ பூசிய சுவர், பச்சைத் தார்த்தாள் கூரை, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைப் பெட்டி, முன்னால் கம்பிவலை அடித்த சின்ன முற்றம். நீளம் 171 செ.மீ., அகலம் 66, உயரம் 120. விலை 450 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) ஒட்டி. தட்டையான அட்டைப்பெட்டியில் பாகம் பாகமாக வந்து இறங்கும். மலேசியாவின் பினாங்குத் தீவிலோ எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையிலோ தரைவீட்டில் இருக்கிற ஒருவர் முதன்முதலாகக் கோழி வளர்க்க நினைத்தால், முதலில் கண்ணில் படுவது இதுதான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். மூன்று விடைக்கோழிகள், அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகள், இரவில் அடைய இது போதும். ஆனால் பகலில் அவை நடமாட ஒரு வெளிக்கூண்டு நீங்களே கட்டியாக வேண்டும். கூரைக்கு மேல் இன்னொரு கூரை வேண்டும். வலையைப் பிய்த்துவிட்டு வேறு வலை அடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு கூண்டின் விலைக்குக் குறையாது. பத்துக்கு ஆறு கொடுக்கலாம், அதுவும் சட்டங்கள் கோணாமல் நேராக வந்திருப்பதற்காக.

அட்டைக் கணக்கும் டேப் கணக்கும்

'4 முதல் 6 கோழிகள் வரை' என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். டேப் பிடித்தால் கணக்கு உதைக்கிறது. உறங்கும் அறை 80க்கு 66 செ.மீ., அதாவது ஆறு சதுர அடிக்கும் குறைவு. முற்றம், அறைக்கு அடியில் உள்ள இடத்தையும் சேர்த்து, 12 சதுர அடி. முட்டைக்கோழி ஒன்று வெளியில் நடமாட 10 சதுர அடியாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த முற்றம் ஒரே ஒரு கோழிக்குத்தான் சரி.

அறையைத் தூங்க மட்டும் பயன்படுத்தினால் தரைப் பரப்பைவிட, கோழி ஏறி உட்கார்ந்து தூங்கும் குந்துகட்டையின் நீளம்தான் முக்கியம். கோழிக்கு 8 அங்குலம், சுமார் 20 செ.மீ. உள்ளே உருப்படியாகக் கிடைப்பது 60 செ.மீ. ஆக மூன்று கோழி. நான்காவதை விட்டால் அது முட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விடியும்போது முட்டை இட வேண்டிய இடம் முழுக்க எச்சமாகக் கிடக்கும்.

இந்த வடிவமே குளிர்நாட்டுத் தோட்டத்துக்காக யோசித்தது. காற்றை அடைப்பதும் சூட்டைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. பினாங்கின் பாலேக் பூலாவிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ பிரச்சினை தலைகீழ். வெயில், சாரல், கரையான், மலைப்பாம்பு, எலி என்று வரிசை நீளும். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் அந்த வித்தியாசத்தால் வந்தவை.

பாகங்களைப் பூட்டுவதற்கு முன்

பெட்டியைத் திறந்ததும் டிரில்லைத் தேடாதீர்கள், தூரிகையைத் தேடுங்கள். மரம் ஃபர் எனப்படும் மெல்லிய ஊசியிலை மரம். தொழிற்சாலைப் பூச்சு முன்பக்கத்தில் மட்டும்தான் ஒழுங்காக இருக்கிறது. சட்டங்களின் வெட்டுமுனையைப் பாருங்கள்: வெள்ளை மரம் அப்படியே தெரிகிறது. மழைத்தண்ணீர் பலகையின் முகத்தைவிட இந்த வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக உள்ளே ஏறும். காலின் அடிமுனையை ஒரு நிமிடம் தண்ணீரில் வைத்தால் ஈரம் மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் சார்ந்த (water-based) வெளிப்புற மரப்பூச்சு ஒரு லிட்டர் வாங்கி எல்லாப் பலகைக்கும் இரண்டு கை, வெட்டுமுனைக்கு மூன்று கை கொடுங்கள். பூட்டிய பிறகு அடித்தால் இடுக்குகளுக்குள் தூரிகை போகாது. வாடை முழுவதும் போக மூன்று நாளாவது விட்டுவிட்டுத்தான் கோழியை உள்ளே விட வேண்டும்.

பூட்டுவது இரண்டு பேருக்கு இரண்டு மணி நேர வேலை. விளக்கத்தாளில் படம் மட்டுமே உண்டு. இடது வலது பக்கச் சுவர்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எச்சம் விழும் டிரே நுழையும் பள்ளம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளாவிட்டால் பாதி பூட்டியதைக் கழற்ற வேண்டிவரும். கூட வரும் ஸ்குரூக்கள் மென்மையான இரும்பு, அழுத்தித் திருகினால் தலை வழுக்கிவிடும். ஹார்ட்வேர் கடையில் அதே நீளத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வது நல்லது. முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் ஸ்குரூ போடும் இடங்களில் 2.5 மி.மீ. துளை முன்கூட்டியே போடாவிட்டால் மரம் பிளக்கும். கதவுகளைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இழைத்துவிடுங்கள். காய்ந்த நாளில் கச்சிதமாக உட்காரும் கதவு, செப்டம்பர் அக்டோபர் மழையில் உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும்.

கூரை

இதுதான் கூண்டின் பலவீனமான இடம். மெல்லிய பிளைவுட் மேல் தார்த்தாளை ஒட்டியிருக்கிறார்கள். வெயிலில் தார் சூட்டை உறிஞ்சி அப்படியே உள்ளே இறக்குகிறது. மதியம் இரண்டு மணிக்குக் கூரையின் உட்பக்கம் கை வைத்தால் சுடும். இரண்டு சரிவும் சேரும் முகட்டில் வெறும் ஒரு மரப்பட்டைதான் மூடி. அதன் ஓரமாகத் தண்ணீர் ஊறி, சொட்டுச் சொட்டாக நேராகக் குந்துகட்டை மேல் விழுகிறது. கோழிக்கு மழையைவிடக் கெடுதல் இந்தச் சொட்டு. நனைந்த இறகோடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும்.

ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டாம். வெளிர் நிறச் சிங்க் தகரம் ஒன்றை, நாலு பக்கமும் ஒரு அடி வெளியே நீளும்படி, பழைய கூரைக்கு 6 அங்குலம் மேலே மரச்சட்டம் கொடுத்து ஏற்றுங்கள். இடையில் ஓடும் காற்றுதான் சூட்டைக் கொண்டு போகும். தகரத்தை நேராகத் தார்த்தாள் மேல் வைத்தால் பாதிப் பயன் போய்விடும். மேற்குக் கரையில் விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்று மழையைப் படுக்கவைத்தாற்போல் கொண்டுவரும். அதனால் கூண்டின் முதுகு மேற்கைப் பார்த்து இருக்கட்டும், வாசலும் சன்னலும் கிழக்கைப் பார்க்கட்டும்.

காற்றோட்டத்துக்குச் சுவரில் ஒரு சின்ன நகர்த்துச் சன்னல் கொடுத்திருக்கிறார்கள், அது இந்த ஊருக்கு எங்கே போதும்? எதிரெதிர்ச் சுவர்களில் குந்துகட்டைக்கு மேலே உள்ள பலகைகளைக் கழற்றிவிட்டு வலை அடித்துவிடுங்கள். போதுமா என்று அறிய எளிய சோதனை உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்து குந்துகட்டை உயரத்துக்குத் தலையை நுழையுங்கள். கண் எரிந்தால், மூக்கில் அம்மோனியா ஏறினால், கோழிகள் இரவு முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கின்றன.

வலை

கூடவே வருவது அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை. கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே வர நினைக்கும் எதையும் தடுக்காது. அதைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஸ்டேப்பிள் ஆணி. கட்டைவிரலால் உள்பக்கமிருந்து அழுத்தினாலே இரண்டு மூன்று ஆணிகள் 'டிக் டிக்' என்று எழும்பி வந்துவிடுகின்றன. தெருநாய் பாதத்தால் ஒரு தள்ளு தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட வெல்டட் வலை, துத்தநாகம் பூசியது. ஒரு அங்குலக் கண் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மலைப்பாம்புக் குட்டி அதில் நுழைந்துவிடும், எலியும் நுழையும். பாம்பு நுழைந்து கோழியை விழுங்கிவிட்டால் வயிறு பருத்து வந்த வழியே திரும்ப முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். காலையில் முட்டை எடுக்கக் கை விடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். பாம்பைக் கண்டால் கதவைச் சாத்திவிட்டு 999க்கு அழைத்துத் தீயணைப்புப் படையையோ பொது தற்காப்புப் படையையோ வரச் சொல்லுங்கள். பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்க வேண்டியதில்லை.

வலையை ஸ்டேப்பிள் இல்லாமல், வாஷர் போட்ட ஸ்குரூவால், 5 அங்குலத்துக்கு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். புதிதாகத் திறந்த காற்றோட்ட இடங்களுக்கும் இதே வலைதான்.

தாழ்ப்பாள் எல்லாம் திருகு வகை, ஒரு விரலால் திரும்பிவிடும். தாவரவியல் பூங்காப் பக்கமோ ஆயர் ஈத்தாம் அணைப் பக்கமோ வீடு இருந்தால் குரங்குகள் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். முட்டைப் பெட்டியின் மூடிக்கு அதுகூட இல்லை, வெறும் கீல்தான். எல்லாக் கதவுக்கும் நழுவுத் தாழ்ப்பாளும் அதன் துளையில் மாட்டும் கொக்கியும் போடுங்கள். முட்டைப் பெட்டிக்குப் பூட்டே போடலாம். குரங்குக்கு மட்டும்தான் பூட்டு என்று சொல்வதற்கில்லை.

குந்துகட்டை, முட்டைப் பெட்டி, டிரே

கொடுத்திருக்கும் குந்துகட்டை ஒரு அங்குலத் தடிமன், விளிம்பு கூர். கோழிக்குப் பாதத்தைப் பரப்பி உட்கார அகலம் வேண்டும். இரண்டுக்கு இரண்டு அங்குல மெராந்தி மரக்கட்டையை வெட்டி, மேல் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிட்டுப் பொருத்துங்கள். உயரம்தான் கவனிக்க வேண்டியது. இதில் குந்துகட்டையும் முட்டைப் பெட்டியின் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கோழி இருப்பதில் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். அறைத்தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டையை ஏற்றி, முட்டைப் பெட்டி வாசலின் கீழே 10 செ.மீ. பலகை ஒன்றைத் தடுப்பாக அடித்தால் பிரச்சினை தீர்ந்தது. கட்டையை ஸ்குரூ போட்டு இறுக்காமல், இரு பக்கமும் பள்ளம் வெட்டிய தாங்கியில் வையுங்கள். கோழிச்செள்ளு ஒளிவது கட்டையின் முனை இடுக்கில்தான், எடுத்துப் பார்க்க வசதியாக இருக்க வேண்டும்.

முட்டைப் பெட்டி நன்றாக இருக்கிறது. இரண்டு அறை, ஒவ்வொன்றும் ஒரு அடிச் சதுரம். மூன்று கோழிக்கு ஒன்றே போதும்.

டிரே சிங்க் தகரம். இழுத்துக் கொட்டிவிடலாம், இந்தக் கூண்டில் உண்மையிலேயே யோசித்துச் செய்த பாகம் இதுதான். அதில் இரண்டு அங்குலம் உமி பரப்புங்கள். பெருநிலத்தில் அரிசி ஆலை வழியாக உமி எளிதாகக் கிடைக்கும். இல்லையென்றால் இழைப்புச் சீவல். மரத்தூள் வேண்டாம், தூசி நெஞ்சில் ஏறும். செய்தித்தாள் ஈரமானால் கால் வழுக்கும்.

தரையும் வெளிக்கூண்டும்

கூண்டின் கால்கள் நேராக மண்ணில் நிற்கக் கூடாது. பச்சை மண்ணில் நின்ற ஃபர் மரக்காலுக்குக் கரையான் வர அதிக நாள் ஆகாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சிமெண்டுக் கட்டை, அதற்கும் காலுக்கும் நடுவே ரப்பர்த் துண்டு. மாதம் ஒருமுறை கட்டையின் பக்கவாட்டில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அதுதான் கரையானின் நடைபாதை.

வெளிக்கூண்டு 6க்கு 6 அடி, உயரமும் 6 அடி இருக்கட்டும். மூன்று கோழிக்கு 36 சதுர அடி தாராளம். ஆள் நின்று பெருக்கலாம். குனிந்து நுழையும் கூண்டைப் பத்து நாளில் பெருக்குவதை விட்டுவிடுவீர்கள். சட்டத்துக்கு இரண்டுக்கு இரண்டு மெராந்தி, அல்லது பற்றவைத்த இரும்புக்குழாய். வலை மூன்றடி அகலச் சுருளாக வரும். நான்கு பக்கமும் சேர்ந்து 24 அடி, கீழே ஒரு வரிசை மேலே ஒரு வரிசை என்று 48 அடி ஓடிவிடும். ஆக 50 அடிச் சுருள் சுவரோடு சரி. அதன் பிறகு 'பாவாடை' இருக்கிறது. சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரைமேல் ஒன்றரை அடி அகலத்துக்குப் படுக்க விடும் வலை அது. மூன்றடிச் சுருளை நடுவே வெட்டினால் இரண்டு பட்டை கிடைக்கும், மூலைகளையும் சேர்த்துச் சுருளில் 18 அடி போகும். அதனால் முதலிலேயே 100 அடிச் சுருளாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மிஞ்சியது கூண்டின் முற்றத்துக்கும் சுவர் வலைக்கும் ஆகும். பாவாடையைப் புதைக்க வேண்டியதில்லை. மண்ணோடு பதித்து ஓரத்தில் கற்களை அடுக்கினால் புல்லே அதைப் பிடித்துக்கொள்ளும். நாயும் உடும்பும் சுவர் ஓரமாகத்தான் தோண்டும், ஒன்றரை அடி தள்ளி நின்று தோண்டத் தெரியாது.

மேலே முழுவதும் சிங்க் போடுங்கள். தரை ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும். குடலைத் தாக்கும் அந்த ஒட்டுண்ணியின் முட்டை ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மண்மேல் நான்கு அங்குலம் பருமணல் பரப்பினால் தண்ணீர் வடியும், கோழிக்குப் புழுதிக்குளியலும் ஆகும்.

கோழி வளர்ப்பது பற்றிய மாநகர் மன்ற விதியை விசாரிக்காமல் எதையும் வாங்காதீர்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் துணைச்சட்டம் போடும் அதிகாரம் மன்றங்களுக்கு உண்டு. வரிசை வீட்டில் பக்கத்து வீட்டார் ஒரு புகார் கொடுத்தால் போதும். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், அடைகாத்துக் குஞ்சு எடுக்கத்தான் சேவல் வேண்டும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று சொன்னாலும் காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காதில் அது ஏறாது.

விடைக்கோழி வாங்கும்போது

முதல்முறைக்குக் குஞ்சு வேண்டாம். 16 வார விடைக்கோழியாக, ஒரே கொட்டகையில் வளர்ந்த மூன்றை ஒரே நாளில் வாங்குங்கள். பழுப்புநிற முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும். கம்பத்துக் கோழி எனப்படும் நாட்டுக்கோழி அதைவிடப் பிந்தும், ஆனால் வெயிலையும் நோயையும் நன்றாகத் தாங்கும்.

ஏமாறும் இடம் இங்கேதான். பண்ணையில் ஓராண்டுக்கு மேல் முட்டையிட்டுக் கழித்துவிட்ட கோழியை 'முட்டைக்கு வரப்போகுது' என்று தள்ளிவிடுவார்கள். பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். விடைக்கோழியின் கொண்டை சின்னதாக, வெளிர்சிவப்பாக இருக்கும். கால் பளிச்சென்று மஞ்சள். நாள்பட முட்டையிட்ட கோழியின் காலில் மஞ்சள் வடிந்து வெளுத்திருக்கும், அந்த நிறமெல்லாம் மஞ்சள்கருவுக்குப் போய்விட்டது. கொண்டை பெரிதாகச் சாய்ந்திருக்கும், கழுத்து இறகு தேய்ந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கோழியைக் கக்கத்தில் இடுக்கி, பின்துளைக்கு இரு பக்கமும் உள்ள கூர் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். இடையில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் முட்டையிடாதது. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிட்டுப் பழகியது. எடை 1.3 கிலோவை ஒட்டி இருக்கட்டும். மூக்கில் சளி, கண்ணில் நுரை, வாலடியில் ஒட்டிய எச்சம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கூட்டத்திலிருந்தே எடுக்காதீர்கள். சம்பார் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் கோழி அம்மைக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அம்மையைப் பரப்புவது கொசு, பினாங்கில் அதற்குப் பஞ்சமில்லை.

முதல் வாரம்

கோழியைச் சாயங்காலம் கொண்டுவாருங்கள். பகலில் காரில் அடைத்து வந்தால் பாதி வழியிலேயே வாயைப் பிளந்து இளைக்கும். வந்ததும் தண்ணீர், அதன் பிறகு தீவனம். இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குந்துகட்டையில் உட்காரவையுங்கள். மேலிருந்து கையை இறக்கினால் பருந்து என்று பதறும், பக்கவாட்டிலிருந்து இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் மரக்கூண்டும் அதன் முற்றமும் மட்டும். வெளிக்கூண்டின் கதவைத் திறக்காதீர்கள். நாள் முழுக்க இருளில் பூட்டி வைக்கச் சொல்லும் யோசனை இந்த ஊர்ச் சூட்டுக்கு ஆகாது. அறைக்கும் முற்றத்துக்கும் நடுவிலுள்ள சின்னக் கதவு பகலில் திறந்தே இருக்கட்டும். 'இங்கேதான் தூங்க வேண்டும்' என்று கோழிக்குப் பதிய இந்த மூன்று நாள் வேண்டும்.

சோதனை, ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் மங்கும்போது. முதல் நாள் மூன்றும் முற்றத்தின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுருண்டு கிடக்கும். பண்ணைக் கூண்டில் வளர்ந்தது குந்துகட்டையைப் பார்த்ததே இல்லை, ஏணிப்பலகையில் ஏறவும் தெரியாது. கூண்டின் ஏணிப்பலகை வேறு செங்குத்து, குறுக்குப்பட்டைகளும் தூரத் தூரம். இடையிடையே பட்டை சேர்த்து 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஆக்கிவிடுங்கள். இரண்டாம் நாளும் தூக்கித்தான் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒன்று ஏறி நின்று கழுத்தை நீட்டி உள்ளே பார்க்கும், பின்வாங்கும், மறுபடி பார்க்கும். அது போய்விட்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே போகும். மூன்றும் தானாக அடைந்த மறுநாள் காலையில் வெளிக்கூண்டைத் திறந்துவிடலாம். புல்வெளியில் மேயவிடுவது இரண்டு வாரம் கழித்து, அதுவும் மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. தீவனம் குறைவாகப் போட்ட நாளாக இருந்தால் கூப்பிட்டதும் வரும்.

முதல் சில நாள் கொத்திக்கொள்ளும், யார் மூத்தவள் என்று தீர்மானமாக வேண்டுமே. தீவனத் தொட்டியும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் வைத்தால் சண்டை பாதி குறையும். இரத்தம் தெரிந்தால் மட்டும் அந்தக் கோழியை உடனே தனியே எடுத்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவை நிறுத்தாது.

தீவனமும் தண்ணீரும்

பண்ணையில் தின்ற தீவனத்திலேயே இரண்டு கிலோ கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதல் முட்டை வரும்வரை, வளரும் கோழிக்கான குரோவர் தீவனம்தான். முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். முட்டைக்கு வராத கோழி அதை ஓட்டுக்குச் செலவழிக்க முடியாது, சிறுநீரகம் கெடும்.

முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 110 கிராம். மூன்றுக்கும் சேர்த்து மாதம் 10 கிலோ. மலிவு என்று 50 கிலோ மூட்டை வாங்கினால் ஐந்து மாதம் கிடக்கும். இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும், பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். தீவனக் கடையில் பிரித்துக் கிலோக் கணக்கில் கொடுப்பார்கள். மூடியுள்ள தகரப் பீப்பாயில் வையுங்கள். இரவில் தொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், எலி தீவனத்துக்கு வரும், பாம்பு எலிக்கு வரும்.

வெயில் ஏறுமுன் காலையிலும், நான்கு மணிக்கு மேலும் தீவனம் போடுங்கள். செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும், உச்சிவெயிலில் அது வேண்டாம். தண்ணீர் கோழிக்கு அரை லிட்டர் வரை போகும், நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள். கோழி ஓயாமல் இளைத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, ஓடு கட்ட வேண்டிய சுண்ணாம்பு சேராமல் போகும். வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிவதற்குப் பல நேரம் தீவனம் காரணமல்ல, கூரைதான் காரணம்.

கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்ததும் இறக்கையை விரித்துக் குந்திக் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை வரும். அப்போது முட்டைப் பெட்டியில் ஒரு கோல்ஃப் பந்தைப் போட்டு வையுங்கள், இடம் எது என்று புரிந்துகொள்ளும். லேயர் தீவனத்துக்கு மாற வேண்டியது முதல் முட்டை வந்ததும்தான். சிப்பித்தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது மட்டும் எடுத்துக்கொள்ளும். முதல் முட்டைகள் கோலிக்குண்டு போலவும் தோல் போலவும் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. இங்கே ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் குளிர்கால முட்டை நிறுத்தம் கிடையாது. பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரமாக்கி எடுக்கும் அளவு முட்டையையும் எதிர்பார்க்காதீர்கள்.

டிரே பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மழை மாதங்களில் அது ஓடும் மரப்பள்ளம் உப்பி, இழுத்தால் பாதியில் நின்றுவிடும். சுத்தியலால் தட்டினால் தகரம் வளையும். ஒரு வறண்ட நாளில் வெளியே எடுத்து, பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மெழுகுவர்த்தித் துண்டால் இரண்டு முறை இழுத்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், உமி அப்பிக்கொள்ளும்.